உன் மனைவி போட்ட கணக்கு சரியாக வந்தது

கார்த்திக்கு,

'அன்புள்ள' என்று தொடங்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். எழுதிப் பார்த்தேன். படிக்கும்போது எனக்கே பொய்யாகத் தெரிந்தது, அடித்துவிட்டேன். 'கண்ணு' என்று கூப்பிடவும் இன்றைக்கு மனம் வரவில்லை. முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை நீ, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். இதை நான் உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ எழுதியதை நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில்தானே எழுதினாய்? 'என் அம்மாவே என் குடும்பத்தைப் பிரித்துவிட்டார். பெண்டாட்டிக்கு வேலை ஆசை காட்டி வால்பாறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். யாராவது புத்தி சொல்லுங்கள்.' அதற்கு அன்னூர் சித்தப்பா கைகூப்புகிற பொம்மைப் படம் போட்டார். உன் பெரியம்மா அழுதுகொண்டே குரலைப் பதிவு செய்து அனுப்பினாள். என்ன நடந்தது என்று ஒருவர்கூட எனக்குப் போன் செய்து கேட்கவில்லை. அதனால் நானும் இதைக் காகிதத்தில் எழுதி, போட்டோ எடுத்து, அதே குரூப்பில் போடுகிறேன். உன் மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன். "நடந்தத நடந்தபடி எழுதுங்க அத்தை, கூட வேண்டாமுங்க, கொறைய வேண்டாமுங்க" என்றாள். அப்படியே எழுதுகிறேன்.

உனக்குப் பெண் பார்க்கக் காங்கேயம் பக்கம் போனோமே, அங்கிருந்து தொடங்குகிறேன். சுகன்யாவின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "புள்ள பி.ஏ. தமிழ் முடிச்சிருக்குதுங்க. கவர்மென்ட் பரீட்சை எழுதோணும்னு ரொம்ப ஆசைங்க. தமிழ்ல எல்லாம் நல்லா போட்டுருதுங்க, கணக்குதான் கொஞ்சம் பயப்படுதுங்க. கல்யாணத்துக்கு அப்புறமும் எழுத உடுவீங்களா மாப்பிள்ளை?" நீ நிமிர்ந்து உட்கார்ந்து, "அதென்ன மாமா, பத்தாங்கிளாஸ் கணக்குதானுங்களே. நானே சொல்லித் தர்றேனுங்க" என்றாய். அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் அன்று உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. மாப்பிள்ளை இன்ஜினியர், பீளமேட்டில் ஐ.டி. ஆபீஸில் வேலை, பெண்ணைப் படிக்கவைக்கவும் சம்மதிக்கிறான் என்று அந்த ஊரில் உன்னைப் பற்றிப் பேச்சு. உன் வார்த்தையை நம்பித்தான் அவர்கள் பெண்ணைக் கொடுத்தார்கள். வேறு எதையும் நம்பி அல்ல.

நீ சொல்லிக் கொடுத்த லட்சணத்தை நான் அடுப்படியில் நின்றுகொண்டே கேட்டவள். முதல் நாள் சதவீதக் கணக்கு. ஒரு பொருளின் விலையை இருபது சதவீதம் ஏற்றுகிறார்கள், பிறகு இருபது சதவீதம் இறக்குகிறார்கள், கடைசியில் விலை என்ன ஆகும் என்று புத்தகத்தில் கேள்வி. அவள் கொஞ்சம் யோசித்து, "பழைய விலையே வந்துருமுங்க" என்றாள். நீ சிரித்தாய். சாதாரணச் சிரிப்பு இல்லை அது. "நாலு சதவீதம் கொறையும். இருபதை இருபதால பெருக்கு, நூறால வகு. அவ்ளோதான் ஷார்ட்கட்" என்றாய். அவள், "ஏனுங்க, அது எப்புடிங்க கொறையுது? ஏத்துனதும் இருபது, எறக்குனதும் இருபதுதானுங்களே" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்கும் அதே சந்தேகம்தான். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "ஏன், எப்புடின்னு கேக்காத. சொன்னதப் போடு. உன்ற மண்டைக்கு அது போதும்." அன்றோடு அவள் உன்னிடம் கேள்வி கேட்பதை நிறுத்தினாள். அதற்குப் பிறகு நீ கணக்கைச் சொல்வாய், அவள் ஒரு விடை சொல்வாள், சொல்லிவிட்டு உன் முகத்தைப் பார்ப்பாள். உன் புருவம் ஏறினால் உடனே வேறு விடை. அதற்கும் ஏறினால் இன்னொன்று. உன் முகம் இளகுகிற இடத்தில் நிறுத்திக்கொள்வாள். நீ, 'பரவால்ல, தேறீட்ட' என்பாய். அந்தப் பெண் அந்த இரண்டு மாதத்தில் கணக்கு ஒன்றும் படிக்கவில்லை கார்த்தி. உன் முகத்தைத்தான் படித்தாள்.

அதோடு விட்டாயா? உன் ஆபீஸ் நண்பர்கள் நான்கு பேர் குடும்பத்தோடு சாப்பிட வந்தார்கள். அவள் காலையிலிருந்து நின்று சமைத்தாள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ, "எங்க ஊட்டு அம்மணி கலெக்டர் ஆகப்போறாங்க, ஒரு கணக்கு கேளுங்க" என்றாய். பிறகு நீயே கேட்டாய். ஒருவன் ஒரு வேலையைப் பத்து நாளில் முடிப்பான், இன்னொருவன் பதினைந்து நாளில் முடிப்பான், இருவரும் சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? அவள் கையில் ரசக் கிண்ணம். உன் முகத்தைப் பார்த்தாள். நீ முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டிருந்தாய். "இருபத்தஞ்சுங்களா?" என்றாள். மேசையே சிரித்தது. நண்பன் ஒருவனின் மனைவி மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெண்ணுக்கு நான் இங்கிருந்தே நன்றி சொல்கிறேன். சுகன்யா கிண்ணத்தை வைத்துவிட்டு, "பாயசம் எடுத்துட்டு வாரேனுங்க" என்று உள்ளே வந்தாள். பாத்திரம் கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று அழுதாள். வெளியே உன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

உனக்கு யார் கணக்குச் சொல்லிக் கொடுத்தது என்று மறந்துவிட்டதா? ஆறாம் வகுப்பில் பின்னக் கணக்கு உனக்கு ஏறவே இல்லை. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதிக்கொண்டு வந்து நிற்பாய். உன் அப்பா, இன்று அவர் இல்லை, பம்ப் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். நின்று நின்று கால் வீங்கி வீட்டுக்கு வருவார். ஒரு நாளாவது உன்னை மக்கு என்று சொன்னாரா? "சரி சாமி, நீ போட்டது அப்படியே இருக்கட்டும். அரை தோசை தின்ன. அதுக்கு மேல இன்னொரு துண்டும் தின்ன. இப்ப மொத்தமாத் தின்னது அரைத் தோசைய விடக் கூடவா, கொறைச்சலா?" என்று கேட்டார். நீ, கூட என்றாய். "அஞ்சுல ரெண்டு, அரைய விடக் கூடவா?" நீ விரலை மடக்கி யோசித்தாய். யோசித்து முடிக்கும் வரை அவர் வாயைத் திறக்கவில்லை. நீயே ரப்பரை எடுத்து அழித்தாய். அதற்குப் பிறகுதான் கீழே உள்ள எண்ணை ஏன் ஒன்றாக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். ஆறில் மூன்று, ஆறில் இரண்டு, மொத்தம் ஆறில் ஐந்து. அப்படி வளர்ந்தவன் நீ. இந்த மாதிரிக் கடிதங்களில் தாய்க்காரி, 'என் வளர்ப்பில்தான் எங்கோ தப்பு' என்று சொல்லி அழுவாள். நான் அழப்போவதில்லை. எங்கள் வளர்ப்பில் இந்தச் சிரிப்பு கிடையாது. இதை நீயாகப் பழகிக்கொண்டாய். இதற்கு நீதான் பொறுப்பு.

நண்பர்கள் வந்துபோன மறுநாள் மத்தியானம், அவள் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்காகக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் கயிற்றைப் பிடுங்கினேன். "அந்த இருபது சதவீதம் எப்புடிக் கொறைஞ்சுதுன்னு எனக்கும் தெரியோணும். எனக்குச் சொல்லிக் குடு" என்றேன். "எனக்கே தெரியாதுங்க அத்தை." "அப்ப ரெண்டு பேரும் உக்காரலாம்." உனக்குத் தெரியும், நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றுப் படிப்பை விட்டவள். எனக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு ஒரு வசதி இருந்தது. புரியவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. பொருளின் விலை நூறு என்று வைத்துக்கொண்டோம். இருபது சதவீதம் என்றால் இருபது. ஏற்றினால் நூற்றிருபது. அதுவரை சுலபம். "இப்ப இருபது எறக்கு" என்றேன் நான். அவள் எழுதப்போனாள், நின்றாள். பேனாவை எடுத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். "அத்தை, இப்ப இருக்கறது நூறு இல்லீங்களே. நூத்தி இருபதுங்களே. அதுல இருபது சதவீதம்ன்னா..." பத்து சதவீதம் பன்னிரண்டு, இருபது சதவீதம் இருபத்து நான்கு. நூற்றிருபதில் இருபத்து நான்கு போனால் தொண்ணூற்றாறு. நான்கு குறைந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏத்துனது சின்னதுலீங்க அத்தை, எறக்குனது பெருசுலீங்க!" என்று கத்தினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை கார்த்தி. இரண்டு மாதம் நீ அடைத்து வைத்திருந்தது ஒரு நிமிடத்தில் திறந்தது.

அப்புறம் தினமும் நீ ஆபீஸ் போன பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். நான் கேள்வியைப் படிப்பேன். அவள் ஒவ்வொரு படியாக எழுதுவாள். ஒவ்வொரு படியிலும் நான், 'இது ஏன் அப்படி' என்று கேட்பேன். எனக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்றால் அவளுக்கு முதலில் புரிய வேண்டும் அல்லவா? சில நாள் ஒரே கணக்கில் மத்தியானம் முழுக்கப் போய்விடும். குழம்பு அடிப்பிடித்த நாட்கள் உண்டு. 'இன்னிக்கு என்ன இப்படி இருக்குது' என்று நீ தட்டைத் தள்ளினாயே, அன்றெல்லாம் நாங்கள் தனிவட்டியிலிருந்து கூட்டுவட்டிக்குப் போய்க்கொண்டிருந்தோம். நீ நண்பர்கள் முன்னால் கேட்ட அந்த வேலைக் கணக்கையும் எடுத்தோம். "ரெண்டு பேரு சேந்தா வேலை சீக்கிரம் முடியோணும். எப்புடிங்க நான் இருபத்தஞ்சுன்னு சொன்னேன்!" என்று அவளே தலையில் அடித்துக்கொண்டாள். பத்து நாளில் முடிப்பவன் ஒரு நாளில் பத்தில் ஒரு பங்கு முடிப்பான். மற்றவன் பதினைந்தில் ஒரு பங்கு. முப்பதில் மூன்று, முப்பதில் இரண்டு, சேர்த்தால் முப்பதில் ஐந்து. அதாவது ஆறில் ஒன்று. ஆறு நாள். பிறகு, ஒரு குழாய் தொட்டியை நிரப்ப, இன்னொரு குழாய் அதே தொட்டியைக் காலி செய்கிற கணக்கு வந்தது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தோம். யாரை நினைத்துச் சிரித்தோம் என்று கேட்காதே.

தேர்வு நாளைப் பற்றி இனி எழுதுகிறேன். குரூப்பில் இருக்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அவளுக்கு மதுக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சென்டர் விழுந்தது. ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், அதற்குப் பிறகு யார் வந்தாலும் விடமாட்டார்கள் என்று ஹால் டிக்கெட்டிலேயே போட்டிருந்தது. ஏழு மணிக்கே கிளம்பிவிடலாம் என்று நான் சொன்னேன். "ஞாயித்துக்கெழமை ரோடு காலியா இருக்கும். பதினெட்டுக் கிலோமீட்டர். எட்டரைக்குள்ள கெளம்புனாப் போதும், எனக்குக் கணக்குத் தெரியும்" என்றாய். ஏழு மணிக்கு அவள் குளித்து, சாமி கும்பிட்டு, பேனா எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். நீ எழுந்து நிதானமாகக் காபி குடித்தாய். பிறகு, என்றும் இல்லாத வழக்கமாக, காரைத் துடைக்கத் தொடங்கினாய். "ஏனுங்க, போலாமுங்களா?" என்று அவள் இரண்டு முறை கேட்டாள். மூன்றாம் முறை நான் கேட்டேன். எட்டு இருபத்தைந்துக்கு வண்டியை எடுத்தாய்.

வண்டிக்குள் நடந்ததை அவள் பிறகு சொன்னாள். நீ இதுவரை மறுக்கவில்லை. பத்து நிமிடம் போனதும் அவள் மீட்டரைப் பார்த்தாள். நான்கு கிலோமீட்டர்தான் வந்திருந்தீர்கள். அவள் மடியில் புத்தகம்கூட இல்லை, மனதிலேயே போட்டாள். பத்து நிமிடத்துக்கு நான்கு கிலோமீட்டர். மீதி பதினான்கு கிலோமீட்டர். பதினான்கில் நான்கு மூன்றரை முறை போகும். மூன்றரைப் பத்து, முப்பத்தைந்து நிமிடம். இப்போது மணி எட்டு முப்பத்தைந்து. "ஏனுங்க, இதே வேகத்துல போனா ஒம்பது பத்து ஆயிருமுங்க. கேட்டப் பூட்டிருவாங்க. கொஞ்சம் வேகமாப் போங்க, பத்து நிமிசத்துக்கு ஆறு கிலோமீட்டர் போனாக்கூட ஒம்பதுக்கு முன்னாடி போயிரலாமுங்க" என்றாள். அவள் வாழ்க்கையில் யாரும் கேட்காமல், யார் முகத்தையும் பார்க்காமல், தானாகப் போட்டுச் சொன்ன முதல் கணக்கு அது. அதற்கு நீ, "நீ எனக்குக் கணக்கு சொல்லித் தர்றியா?" என்று கேட்டுவிட்டு, அதே வேகத்தில் போனாய். ரோடு காலியாகத்தான் இருந்தது. நீ சொன்னது அதில் மட்டும் சரி.

ஒன்பது பத்துக்குப் போய் நின்றீர்கள். கேட் பூட்டியிருந்தது. உள்ளே மரத்தடியில் மற்ற பெண்கள் வரிசையில் நிற்பது கம்பி வழியாகத் தெரிந்ததாம். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரம்மா, "நான் என்னம்மா பண்றது, ரூல்ஸ் அப்படி. கொஞ்சம் முன்னாடி வரக்கூடாதா?" என்று கேட்டிருக்கிறார். நீ காரைவிட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை மட்டும் இறக்கி, "போலாம், வா" என்றாய். வீட்டுக்கு வந்து அவள் செருப்பைக் கழற்றும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அத்தை, நான் போட்ட கணக்கு சரியா வந்துச்சுங்க. ஒம்பது பத்துன்னு சொன்னேன், கரெக்டா ஒம்பது பத்துங்க" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் இருந்த மாதிரி நான் இதுவரை யார் முகத்தையும் பார்த்ததில்லை. பார்க்கவும் விரும்பவில்லை.

அன்று நான் உன்னை விடவில்லை. "வேணும்னே பண்ணுனியாடா?" என்று கேட்டேன். ட்ராஃபிக் என்றாய். சிக்னல் என்றாய். நான் விடாமல் கேட்டேன். கடைசியில் கத்தினாய். "ஆமா, வேணும்னுதான் லேட்டாக் கெளம்புனேன். எழுதி ஃபெயிலாகி, என்ற ஆபீஸ்ல எல்லாத்துக்கும் தெரிஞ்சு மானம் போறதுக்கு இது மேல். அவளோட நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன்." அவள் கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நீ அவளைப் பார்த்தாய், உடனே டிவியைப் போட்டாய். அடித்திருந்தால்கூட ஒரு கோபத்தில் கை நீண்டுவிட்டது என்று சொல்லலாம் கார்த்தி. நீ காரைத் துடைத்தாய். துணியை நனைத்துப் பிழிந்து, கண்ணாடி, கதவு, சக்கரம் என்று ஒவ்வொன்றாகத் துடைத்தாய். அவள் வாசலில் உட்கார்ந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயிலாவாள் என்று உனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தால் எழுதவிட்டுச் சிரித்திருப்பாய். எழுதினால் பாஸாகிவிடுவாள் என்று, தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் மேசையில் கிடந்த அவள் நோட்டைப் பார்த்தே உனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நீ சொல்லிக் கொடுக்காமலே அவளுக்குக் கணக்கு வந்துவிட்டது என்பதை உன்னால் தாங்க முடியவில்லை. நான் உன்னைப் பெற்றவள். உன் முகத்தைப் படிக்க எனக்கும் தெரியும்.

சுகன்யா அப்பா வீட்டுக்குப் போகவில்லை. போகிறேன் என்றிருந்தால் நானே பஸ் ஏற்றிவிட்டிருப்பேன். "அடுத்த பரீட்சை எழுதறேனுங்க அத்தை" என்று மட்டும் சொன்னாள். மறுபடியும் சாப்பாட்டு மேசை. இந்த முறை நீ வீட்டில் இருக்கும்போதும் உட்கார்ந்தோம். நீ அந்தப் பக்கம் போகும்போது இரண்டொரு முறை நின்று பார்த்தாய். ஒரு கணக்கில் அவள் தப்பான வழியில் போய்க்கொண்டிருந்தாள். நீ, "அது அப்படி இல்ல" என்று கையை நீட்டினாய். அவள் தலையை நிமிர்த்தாமல், "நானே பாத்துக்கறேனுங்க" என்றாள். பார்த்தும் கொண்டாள். தப்பு செய்த இடத்தைத் தேடி, மூன்றாவது படியில் கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் போட்டிருப்பதைக் கண்டுபிடித்து, அங்கிருந்து திரும்பப் போட்டாள். அடுத்த தேர்வுக்கு நான் அவளை முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். கேட் திறப்பதற்கு முன்பே போய் எதிர்க்கடையில் டீ குடித்தோம். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்பவில்லை.

அவள் பாஸ் என்று ரிசல்ட் வந்தபோது நீ வாழ்த்துச் சொல்வாய் என்று நான் எதிர்பார்த்தேன் என்றால் என்னைவிடப் பைத்தியக்காரி கிடையாது. வால்பாறை தாலுகா ஆபீஸில் போஸ்டிங் என்றதும் உனக்குப் பேச ஒரு காரணம் கிடைத்துவிட்டது. "மலை மேல, யானை திரியற ஊரு. வேலைக்குப் போறதுன்னா நான் வேண்டாம்னு அர்த்தம்" என்றாய். "வாராவாரம் வந்துருவேனுங்க, கொஞ்ச நாள்ல மாத்தல் கேட்டுக்கலாமுங்க" என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். நீ பேக்கை எடுத்துக்கொண்டு நண்பன் ரூமுக்குப் போனாய். உன்னை யாரும் வெளியே தள்ளவில்லை. குரூப்பில் அனுதாபம் காட்டினவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். போகிறவனைக் கையைப் பிடித்து நிறுத்தவில்லை, அவ்வளவுதான். அதற்கு அடுத்த வாரம் நான் அவளோடு வால்பாறை பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குத் தலை சுற்றி, வாந்தி எடுத்து, அவள் தோளில் சாய்ந்தபடியே வந்து சேர்ந்தேன். ஒரு ரூமும் அடுப்படியும் உள்ள சின்ன வீடு. மழை பிடித்தால் துணி காய மாட்டேன் என்கிறது. ராத்திரிக் குளிரில் என் முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. இருந்தாலும் இருக்கிறேன். அவளுக்குத் துணை வேண்டும் என்பதற்காக மட்டும் இல்லை. உன் வீட்டில் உட்கார்ந்து உனக்குச் சோறு போட எனக்கு இஷ்டமில்லை.

புத்தி சொல்லச் சொல்லிக் கேட்டாய். சொல்கிறேன். அடுத்தவருக்குத் தெரியாத ஒன்று உனக்குத் தெரியும் என்றால், அவருக்கும் அது தெரியும்படி சொல். சொல்ல முடியாவிட்டால், 'எனக்குச் சொல்லத் தெரியவில்லை' என்று ஒப்புக்கொண்டு நகர்ந்து போ. அவர் தெரிந்துகொள்கிற வழியில் வண்டியை நிறுத்தி வைக்காதே. உன் ஆபீஸில் உனக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள் என்று சொல்வாய். அவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. சித்தப்பாமார்களே, பெரியம்மா, உங்களுக்கும் ஒன்று. 'பொம்பளை கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகோணும்' என்று அவளுக்கு மெசேஜ் அனுப்பியதை எல்லாம் நான் படித்தேன். அவளுக்கு எதுவும் அனுப்பாதீர்கள். எனக்கு அனுப்புங்கள். நான் பதில் சொல்கிறேன்.

நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மத்தியானம் அவள் ஆபீஸிலிருந்து சாப்பிட வந்திருந்தாள். உன் போன் வந்தது. ஒரு மாதத்தில் நீ அவளுக்குச் செய்த முதல் போன். உன் பேரைப் பார்த்ததும் நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன், பெற்ற வயிறு அப்படித்தான். அவள் எடுத்தாள். நான் எழுந்து அந்தப் பக்கம் போகப் பார்த்தேன், உட்காருங்கள் என்று கையைக் காட்டினாள். "சொல்லுங்க" என்றாள். நீ என்னவோ சொன்னாய். "இல்லீங்க, இப்ப திரும்ப ஆபீஸ் போகோணுமுங்க. ஆறு மணிக்கு மேல கூப்புடுங்க, நிதானமாப் பேசலாமுங்க" என்றாள். கோபம் இல்லை, குத்தல் இல்லை. நீ பட்டென்று வைத்துவிட்டாய். ஆறு மணிக்கு அவள் வந்தாள். முகம் கழுவி, டீ போட்டு எனக்கும் கொடுத்தாள். அன்று ஆபீஸுக்கு மனு கொடுக்க வந்த ஒரு கிழவியைப் பற்றிச் சொல்லிச் சிரித்தாள். நான்தான் உள்ளுக்குள் நிமிடத்துக்கு ஒரு முறை போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு ஆனது. நீ கூப்பிடவில்லை. சாப்பிட்டோம். நீ கூப்பிடவில்லை. பொறுக்க முடியாமல் நானே கேட்டேன், "அவன் கூப்புடலியே அம்மணி?" அவள் ஒரு கணம் புரியாமல் என்னைப் பார்த்தாள். பிறகு, "அட, மறந்தே போயிட்டேனுங்க அத்தை" என்றாள்.

நடிக்கவில்லை கார்த்தி. உண்மையாகவே மறந்திருந்தாள். பாயை விரித்து, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எட்டரைக்கெல்லாம் நன்றாகத் தூங்கிவிட்டாள். நான் மட்டும் உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன்.

இப்படிக்கு,
உன் அம்மா